நோட்டீஸ் ஐயரும் பக்கா நெய்யும்

"அறிவிப்பு. மின்சார விசிறி காற்றுக்காக மட்டும் ஏற்பட்டது. அதில் ஈர வேஷ்டியைக் கட்டி உலர்த்தலாகாது. கட்டினவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். — மேனேஜர்."

என் பழைய நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்றில் இந்தக் காகிதம் ஒட்டியிருக்கிறது. கிழமை எழுதியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை. வருஷம் எழுதிய மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. ஆனால் அதே பக்கத்தின் அடியில் "இன்றும் நெய் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. கடை நெய்யில் கண்ட கொழுப்பையெல்லாம் கலக்கிறார்கள் என்று கல்கத்தா நகரமே கொதித்து, தெரியாமல் தின்றவர்கள் கங்கைக் கரையில் பிராயச்சித்தம் செய்துகொள்ளக் கூட்டம் கூடிய வருஷம் 1917. ஆகவே வருஷம் அதுதான் என்று கொள்கிறேன். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு எழுதலாம்.

வாயால் பேசுகிறவர்கள் உண்டு, கண்ணால் பேசுகிறவர்கள் உண்டு. மைதாப் பசையால் பேசிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். பவானிபூரில் நாங்கள் தங்கியிருந்த தென்னாட்டு ஹோட்டலின் மேனேஜர் அவர். பெயர் என்னவோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நோட்டீஸ் ஐயர்.

யாராவது போய் ஒரு புகாரைச் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். பதில் வராது. மறுநாள் காலை சுவரில் பதில் இருக்கும். குழாயடியில் தண்ணீர் போதவில்லை என்று ஒருவர் சொன்னார். "குழாயடியில் பாடுவோர் பல்லவியோடு நிறுத்திக்கொள்ளவும். அனுபல்லவிக்குத் தண்ணீர் கிடையாது" என்று நோட்டீஸ் வந்தது. காபி தண்ணீராக இருக்கிறது என்றார் இன்னொருவர். "காபி என்பது தண்ணீரில் போடப்படுவது. அறியாதவர் அறிக" என்று வந்தது. என் கட்டில்மேல் மழை ஒழுகுகிறது என்று நான் போய் நின்றேன். மறுநாள், என் பெயரைப் போடாமல் நாகரிகமாக: "மூன்றாம் மாடியில் ஒருவர் மழை ஒழுகும் இடத்தில் கட்டிலைப் போட்டிருப்பதாகத் தெரிகிறது. கட்டிலை நகர்த்திக்கொள்ளவும்."

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். பசைக் கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு, அபூர்வமாக வாய் திறந்தார்.

"எதிர நின்னு கேட்டா நான் சரின்னுடுவேன் ஓய். என் சுபாவம் அப்படி. காகிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை."

கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது வாக்குமூலம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆவணியில் மூன்று பெரிய மனிதர்கள் எங்கள் ஹோட்டலில் வந்து சேர்ந்தார்கள். முதலாமவர் தஞ்சாவூர் வக்கீல். காசி, கயா முடித்துத் திரும்பும் வழி. கயாவில் பிடித்தமான காய் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது முறை. இவர் பாகற்காயை விட்டிருந்தார். எங்கள் சமையற்காரரின் பாகற்காய்ப் பிட்லையைப் பார்த்த பிறகு அவருடைய முன்யோசனையை நாங்கள் மெச்சினோம். காசியில் பத்து நாள் இருந்ததில் இந்துஸ்தானி முழுவதும் வந்துவிட்டதாக அவருக்கு எண்ணம்.

இரண்டாமவர் ரங்கூனில் மரக்கடை வைத்திருந்த பிள்ளை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கப்பலுக்குக் காத்திருந்தார். விசிறியில் வேஷ்டி உலர்த்தியவர் இவரே. பந்தியில் இவருக்கு மட்டும் தூணுக்கு அந்தப்புறம் இலை போடுவார்கள். அதற்கு நோட்டீஸ் கிடையாது. அந்த மாதிரி விஷயங்களுக்கு நோட்டீஸ் தேவைப்படாத காலம்.

மூன்றாமவர் ஹோட்டல் முதலாளியின் மச்சினர். முதலாளி கும்பகோணத்தில் இருந்தார். தங்கிப் போனவர்கள் அவருக்கு எழுதிய புகார்க் கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால், நேரில் பார்த்து முடிவு செய்ய மச்சினரை அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலை டிபன் வேளையில், எல்லோர் காதிலும் விழும்படி மச்சினர் தன் முடிவைச் சொன்னார்.

"ஐயர்வாள், இன்னும் ஒரே ஒரு பெட்டி கோவிச்சுண்டு இந்த வாசப்படியைத் தாண்டட்டும். அது பின்னாடியே நீங்களும் மெட்ராஸ் மெயில் ஏறிடலாம். நான் இங்க உக்காந்துக்கறேன்."

ஐயர் தலையை ஆட்டினார். மெட்ராஸ் மெயில் ஏறி அவர் எங்கே போவார் என்பதை மச்சினர் யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக அவருக்கு வீடு என்பது ஹோட்டலின் கீழ்த்தட்டில் இருந்த ஒற்றை அறை. ஊரில் வீடும் இல்லை, மனிதரும் இல்லை.

அன்றோடு நாலு நாளாக மழை. டிராம் நின்றுவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். வங்காளிகள் பாத்ரோ மாதம் என்று சொல்லும் அந்த மாதத்துப் புழுக்கத்தில், மழை பெய்யப் பெய்ய உடம்பு வேர்க்கும். இரண்டாம் மாடியின் நான்கு அறைகளில் மட்டும் மின்சார விசிறி உண்டு. மூன்றில் மேற்படி மூவர் இருந்தார்கள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மின்சாரம் நின்றது. தெருவில் எங்கோ பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது என்றார்கள். விசிறிகள் கடைசிச் சுற்றை யோசித்து யோசித்துச் சுற்றி நின்றன. ஹோட்டலுக்கு முதன்முதலில் மின்சாரம் வந்த அன்றே "வெளிச்சம் வந்த வீட்டில் லாந்தருக்கு வேலையில்லை" என்று நோட்டீஸ் ஒட்டி, இருந்த லாந்தர்களை ஐயர் விற்றிருந்தார். மிஞ்சியவை இரண்டு. ஒன்று அடுக்களையில் இருந்தது. மற்றதை மச்சினர் எடுத்துக்கொண்டார்.

முதல் ஐந்து நிமிஷம் விருந்தாளிகள் விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் பார்த்தால் சுற்றும் என்று நினைத்தார்கள்போல. பிறகு மூன்று கதவுகளும் ஒன்றாகத் திறந்தன.

"மேனேஜர். விசிறி அறைன்னு கடுதாசில எழுதினீரா இல்லையா? விசிறி இருக்கு. காத்து எங்க?" என்றது வக்கீலின் குரல்.

"அய்யரே, உமக்கு ஒறவுன்னு யாராவது இருந்தா இந்த ரூமுல வந்து ஒரு நாழி படுக்கச் சொல்லும் வே. நான் ரங்கூன் கப்பல்ல அடித்தட்டுலயே வந்தவன். அங்கன இதவிட காத்து உண்டு" என்றது பிள்ளையின் குரல்.

மச்சினர் லாந்தரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியின் தலைப்பில் நின்றார். பெட்டிகளை எண்ணுவதற்கு வசதியான இடம். லாந்தர்தான் எண்ணெய் இல்லாமல் சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது.

அடுத்து ஐயர் செய்த காரியம் ஒன்றே அவரை முழுமையாக விளக்கும். இருட்டில் நோட்டீஸ் எழுதினார். எழுதி, தடவித் தடவி வந்து படிச்சுவரில் ஒட்டினார். பசை வாசனையை வைத்துத்தான் நோட்டீஸ் வந்திருப்பது தெரிந்தது. பிள்ளை நெருப்புக்குச்சியைக் கிழித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"விசிறி நின்றிருக்கிறது. விசிறி நின்றதை மேனேஜரிடம் தெரிவிக்க வேண்டாம். அவருக்கு..."

குச்சி அணைந்தது.

"அவருக்கு என்ன வே?"

"தெரியும்" என்றார் ஐயர் இருட்டிலிருந்து.

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றார் வக்கீல். "ஹாரிசன் ரோட்டு ஹோட்டல்ல கையால பங்கா இழுக்க ஆள் இருக்கானாம். எனக்கு ஒரு கூலியாளைக் கூப்பிடும். நான் கிளம்பறேன்."

"எனக்கும் சேத்துக் கூப்பிடும்" என்றார் பிள்ளை.

தகரப் பெட்டி தரையில் இழுபடும் சத்தம் மேலே கேட்டது. ஐயர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். நோட்டீஸ் பலிக்காத இடத்தில் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஹோட்டல் வேலையாளான ஹரிபோதோவைக் கூப்பிட்டு, வங்காளியில் தாழ்ந்த குரலில் வேண்டிக்கொண்டார். மாடி மாடியாகப் போய்ச் சமாதானம் சொல்லு, மின்சாரம் இல்லாததற்கு நாம் என்ன செய்ய முடியும் என்கிற தோரணை. தமிழ் சுத்தமாகத் தெரியாத ஒருவரைத் தூது அனுப்புகிறோமே என்று அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

ஹரிபோதோ முன்பு படகோட்டியாக இருந்தவர். அக்கரையில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. படியேறிக்கொண்டே அந்தத் தொண்டையில் அறிவித்தார்:

"பாபு, ஆலோ நேய். பாக்கா நேய். பாக்கா நேய்."

வங்காளியில் ஆலோ என்றால் வெளிச்சம். பாக்கா என்றால் விசிறி. நேய் என்றால் இல்லை. வெளிச்சம் இல்லை, விசிறி இல்லை. இவ்வளவுதான் அவர் சொன்னது. மூன்று வாரமாக நெய்யைக் கண்ணால் பார்க்காத தமிழர்களிடம் சொன்னார் என்பதுதான் விசேஷம்.

பெட்டி இழுபடும் சத்தம் நின்றது.

"என்ன சொல்றான்?" என்றார் வக்கீல்.

"நெய்ங்கறான்" என்றார் மச்சினர்.

"நெய்யா?"

"பக்கா நெய்யாம்."

"கடை நெய்யா இருந்தா பக்கான்னு சொல்லுவானா? வீட்ல காய்ச்சினதா இருக்கும்." வக்கீலின் குரலில் இருந்த கோபம் வடிந்து, விசாரணை ஏறிக்கொண்டது. "முன்னாடி என்னவோ சொன்னானே, ஆலோன்னு?"

"அது தெரியலை."

"எனக்குத் தெரியும். ஆலுன்னா உருளைக்கிழங்கு. காசில தினம் அதானே சாப்பிட்டோம். உருளைக்கிழங்கை நெய்ல வறுத்திருக்கான்."

பிள்ளை பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அப்ப சாப்பிட்டுட்டே போவோம் வே. மழையும் பெய்யுது."

நான் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்கத்தாவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியில் என்னைச் சுற்றி இருந்த குமாஸ்தாக்கள் எல்லோரும் வங்காளிகள். நேய் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை நெய்யும் இருக்கிறதோ என்னவோ என்று எனக்கும் ஒரு சபலம்.

பத்து நிமிஷத்தில் ஹோட்டல் முழுவதும் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஜுரம் என்று இரண்டு நாளாகக் கஞ்சி குடித்தவர்கூட எழுந்து வந்திருந்தார். வெளிச்சம் என்று பார்த்தால் அடுக்களை வாசலில் ஒரு லாந்தர் மட்டும். பிள்ளை தூணுக்கு அந்தப்புறம் போகவேண்டியவர். அந்த இருட்டில் தூண் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் வக்கீலுக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். வக்கீலும் நகரவில்லை. நகர்ந்தால் நெய் தாண்டிப் போய்விடுமே.

சாதம் விழுந்தது. பருப்பு விழுந்தது. யாரும் கை வைக்கவில்லை. கூட்டம் கலையாமல் சாப்பிட உட்கார்ந்ததில் ஐயருக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. ஏன் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்பது புரியாமல் வாசற்படியில் நின்றார்.

"எங்க ஓய் நெய்?" என்றார் வக்கீல்.

"நெய்யா?"

"உம்ம ஆள் ஊர் முழுக்கக் கூவிட்டுப் போறான். இப்ப நெய்யான்னு கேக்கறீர்."

ஐயர் என் பக்கம் திரும்பினார். நான் மெதுவாக, "பாக்கா நேய்" என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. லாந்தர் வெளிச்சத்தில் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவருக்குப் பின்னாலேயே சுவரில், மூன்று வாரத்துக்கு முன்பு அவரே ஒட்டிய நோட்டீஸ் இருந்தது: "கடை நெய் நம்பத் தகுந்ததன்று. ஆகையால் நெய் நிறுத்தப்பட்டது. நெய் என்ற சொல்லையும் பந்தியில் நிறுத்தவும்." வெளிச்சம் இருந்திருந்தால் விரலை நீட்டிக் காட்டியிருப்பார். இருட்டில் அது வெறும் சுவர்.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லிரும் அய்யரே" என்றார் பிள்ளை. "பெட்டி மாடிப்படியிலதான் இருக்கு."

மச்சினர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பில் மெட்ராஸ் மெயிலின் ஊதல் இருந்தது.

எதிரே நின்று கேட்டுவிட்டார்கள். ஐயர் வாயைத் திறந்தார். "சரி" என்றார்.

தன் அறைக்குப் போனார். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு சிறிய பித்தளைத் தூக்கோடு வந்தார். மூடியைத் திறந்ததும் எழுந்த வாசனையில் பந்தி முழுவதும் ஒரு அங்குலம் முன்னால் சாய்ந்தது.

வக்கீல் மட்டும் உள்ளங்கையால் இலையை மறைத்துக்கொண்டார். தொழில் புத்தி.

"நில்லும். இது எந்தக் கடை நெய்?"

"கடை இல்லை."

"பின்ன யார் காய்ச்சினது?"

"நான்."

"நீரா? பாலுக்கு எங்க போனீர்?"

"காளிகாட்ல ஒரு கோனார் மாடு வெச்சிருக்கான். தினம் கார்த்தால போய் எதிர நின்னு கறந்துண்டு வருவேன். ஆடையைச் சேத்து வெச்சேன். இருபது நாள் ஆச்சு."

"இருபது நாள் சேத்து வெச்சீர். எங்களுக்கு நெய் இல்லைன்னு நோட்டீஸ் ஒட்டினீர். எதுக்கு இந்த ரகசியம்?"

ஐயர் தூக்கை இலைப் பக்கம் சாய்த்தார். வக்கீல் விடவில்லை. "சொல்லும். சொன்னாத்தான் கையை எடுப்பேன்."

"திங்கக்கிழமை அப்பா திவசம்" என்றார் ஐயர். "பஜார் நெய்யை எப்படி நம்பறது? அப்பாவுக்குக் கலப்படம் பண்ண முடியுமா? அதான்."

பந்தியில் கொண்டுவந்து திறந்துவிட்ட நெய் திவசத்துக்கு ஆகாது. மிச்சம் இருந்தாலும் உதவாது. அது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வக்கீலுக்கு மிக நன்றாகத் தெரியும். அவர்தான் கயாவில் பதினேழு பிண்டம் போட்டுவிட்டு வந்தவர்.

"அப்ப திங்கக்கிழமைக்கு என்ன பண்ணுவீர்?" என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

"அதுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கறேன்" என்றார் ஐயர். "சாதம் ஆறறது. கையை எடுங்கோ."

இந்த இடத்தில் யாராவது ஒருவர் "வேண்டாம், நெய்யை உள்ளே கொண்டுபோங்கள்" என்று சொன்னதாக எழுத எனக்கு ஆசைதான். குறிப்பு அப்படி இல்லை. சட்டப் பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல வக்கீல் கையை எடுத்தார். எடுத்த கையோடு சாதத்தில் குழி பண்ணினார். பிள்ளை, "நல்ல மனுசன் வே நீரு" என்று சொல்லிக்கொண்டே இலையை முன்னால் நகர்த்தினார். மச்சினர் மூன்று தடவை போட்டுக்கொண்டார். ஜுரக்காரரும் போட்டுக்கொண்டார். நான் இரண்டு கரண்டி. அதன் பிறகு விசிறியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. புழுக்கம் போன இடம் தெரியவில்லை. ஐயர் தூக்கைச் சாய்த்துச் சாய்த்து, "சூடு இருக்கறப்பவே பிசையுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனார். பதினெட்டு வருஷத்தில் அவர் அவ்வளவு பேசியதில்லை என்றார் சமையற்காரர்.

மறுநாள் பிற்பகல் மின்சாரம் வந்தது. ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டவில்லை. மச்சினர் முதலாளிக்கு எழுதிய கடிதத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: "மேனேஜரை மாற்ற இப்போது அவசியமில்லை. சாப்பாடு திருப்தி." அன்று காலையே சுவரில் புது நோட்டீஸ் வந்துவிட்டது: "நேற்றுப் பந்தியில் நடந்ததை வழக்கமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்."

திங்கட்கிழமை காலையில் ஐயர் குளித்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பியபோது, வாசலில் ஒரு சின்ன வெண்கலப் பாத்திரம் இருந்தது. வாய்க்கு வாழையிலை கட்டியிருந்தது. உள்ளே நெய், பாத்திரம் தொட்டால் இளஞ்சூடு. அவர் அதை மோந்து பார்த்துக்கொண்டு ஈர வேஷ்டியோடு நின்றதை, மாடி வளைவிலிருந்து நான் பார்த்தேன். திவசம் குறைவில்லாமல் நடந்தது என்று சாஸ்திரிகள் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நோட்டீஸ்: "என் அறை வாசலில் நெய் வைத்தவர் அலுவலகத்துக்கு வந்து பாத்திரத்தைப் பெற்றுக்கொள்ளவும். நமஸ்காரம்." அவர் ஒட்டியவற்றில் "நமஸ்காரம்" என்ற சொல் உள்ள காகிதம் இது ஒன்றே. ஒருவரும் வரவில்லை. அதை அவர் கிழிக்கவும் இல்லை. கணக்கெழுதும்போது எழுந்து வந்து, யாரோ ஒட்டியதைப்போல நின்று படித்துவிட்டுப் போவார்.

யார் வைத்தது என்று பின்னாளில் விசாரித்திருக்கிறேன். ஞாயிறு மாலை வக்கீல் இடுப்பளவு நனைந்து திரும்பியதைச் சமையற்காரர் பார்த்தார். வக்கீலுக்கு எழுதினேன், "ஞாபகமில்லை" என்று ஒரு வரி வந்தது. பிள்ளை ரங்கூனிலிருந்து, "வக்கீலாக இருக்கும்" என்று எழுதினார். ஹரிபோதோவைக் கேட்டால் "ஆமி நா", நான் இல்லை என்று சொல்லிச் சிரிப்பார். மச்சினராக இருக்கலாம் என்று ஒரு கட்சியும் உண்டு; அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை, அவரும் இப்போது இல்லை. ஆகவே பாத்திரம் யாருடையது என்பது இன்றுவரை உறுதியாகாத செய்தி. என்னுடையது அல்ல என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். என்னுடையதாக இருந்திருக்கலாமே என்று நினைக்காமல் ஒரு ஆவணியும் எனக்குக் கழிந்ததில்லை.